பால் பிரிக்கும் இயந்திரம்

அலுவலகத்தில் அவளுக்குக் காலிக்கட்டம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், பாதி திறந்தபடியே மாட்டிக்கொண்ட ஜன்னல் உள்ள ஓர் அறையில், அவர்கள் செய்தது விசித்திரமான வேலை. அணு ஆயுதம் செய்ய உதவுகிற நுட்பங்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஏன் போகின்றன, எப்போது போகின்றன என்று கணக்குப் போடுவது. உலகத்து நாடுகளையெல்லாம் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஆண்டு வாரியாகக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அடுக்கியிருந்தார்கள். இவன் அவனுக்குக் கொடுத்திருந்தால் ஒன்று. கொடுக்கவில்லை என்றால் பூஜ்யம். கொடுத்தானா இல்லையா என்றே தெரியவில்லை என்றால்? அதற்கும் பூஜ்யமே போடுங்கள் என்பார் இயக்குநர். இவள் மட்டும் ஒற்றைக்காலில் நிற்பாள்.

"தெரியாதுங்கிறது வேற, இல்லைங்கிறது வேற சார். தெரியலைன்னா கட்டத்தைக் காலியா விடுவோம். நமக்குத் தெரியாததுனால அது நடக்கலைன்னு ஆயிடுமா?"

கட்டம் காலியாக இருந்தால் கணக்கு நொண்டும், படம் அழகாக வராது, மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். ஆனாலும் அவள் பொறுப்பில் இருந்த கட்டங்கள் காலியாகவே கிடந்தன. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. வீட்டிலும் அவள் இதே ரகம். மழை வருமா என்று அப்பா கேட்டால், தெரியலைப்பா என்பாள். வராது என்று அவள் சொல்லிவிட்டால் அவர் குடையை வைத்துவிட்டுப் போவார். அந்த அளவுக்கு அவள் வாயிலிருந்து வருகிற 'இல்லை'க்கு மதிப்பு இருந்தது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. யாருடைய பிறந்தநாளையும் மறக்காதவர், யார் மேலும் குரலை உயர்த்தாதவர். அந்தக் கட்டங்களை வைத்துத் தான் கட்டிய கணக்கு மாடல்மேல் மட்டும் தலைச்சன் பிள்ளை மேல் இருப்பது போன்ற பிரியம். அந்த மாடல் சொன்ன விஷயம் இவ்வளவுதான்: நாடுகள் இந்தச் சரக்கைக் காசுக்காகக் கொடுப்பது குறைவு. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் பொதுவாக ஒரு எதிரி இருக்கவேண்டும். வாங்கியவன் கையில் ஆயுதம் வந்தால் கொடுத்தவனுக்குத் தலைவலி வரக்கூடாது, வேறு எவனுக்காவது வரவேண்டும். கொடுப்பவனைத் தட்டிக்கேட்க ஒரு பெரியண்ணன் இருக்கக்கூடாது. நெருப்பு தன் வீட்டுப் பக்கம் வராது என்று தெரிந்தால் தீப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் சங்கதி. இந்தக் காரணங்களை நிறுத்துப் பார்த்து, உலகில் எந்தெந்த இடங்களில் கண் வைக்கவேண்டும் என்று மாடல் வரிசைப்படுத்தும். அந்த வரிசை அறிக்கையாகி, நாடு நாடாகப் போய்ச் சோதனை போடுகிற ஆய்வாளர்களின் சபைக்குப் போகும். ஆய்வாளர்கள் கொஞ்சம் பேர், உலகமோ பெரிது. ஆகவே மேலே இருக்கிற இடங்களுக்கு மட்டும் போவார்கள். கீழே இருப்பவற்றை யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒருமுறை அவள் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்க்கச் சொன்னாள். நாடு கொடுக்கிறது, நாடு வாங்குகிறது என்றே பேசிக்கொண்டிருக்கிறோமே, நாட்டுக்குக் கையா காலா? வேலை தெரிந்த மனிதர்கள்தானே தூக்கிக்கொண்டு போகிறார்கள்? வேலை போய், மதிப்புப் போய், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற நிபுணர்கள் எங்கே எத்தனை பேர் என்று பார்க்கவேண்டாமா என்றாள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். மனக்கசப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்று சிரித்தார். அளக்க முடியாததை மாடலில் போட முடியாது என்று முடித்துவிட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த யோசனை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் சொல்லவில்லை.

அது வீட்டிலிருந்து வந்தது. அவள் தம்பி அப்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

தம்பிக்குச் சுற்றுகிற பொருள் எதுவானாலும் உயிர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கூடத்து மின்விசிறி லொடலொடவென்று ஆடியதைப் பொறுக்காமல் ஸ்டூல்மேல் ஏறி, ஒரு இறக்கையின் அடிப்பக்கம் ஒற்றை நாணயத்தை டேப் போட்டு ஒட்டினான். விசிறி தலையில் விழுந்து சாகப்போகிறான் என்று அப்பா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரல் அப்படி. விசிறியைப் போட்டார்கள். ஆட்டம் போயே போய்விட்டது. அதற்கப்புறம் டேப்பை எத்தனையோ தடவை மாற்றினார்கள், நாணயத்தை மட்டும் யாரும் எடுத்ததில்லை. பின்னால் அவன் பெரிய பம்ப் தொழிற்சாலை ஒன்றில், வேகமாகச் சுற்றும் தண்டுகளை ஆடாமல் அசையாமல் சமன் செய்கிற பிரிவுக்குத் தலைவனானான். கருவி காட்டுவதற்கு முன்பே அவன் காதில் விழுந்துவிடும் என்று அங்கே பேச்சு.

அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். இரண்டு வருஷம் அவன் விண்ணப்பம் போடாத இடமில்லை. எல்லா இடத்திலும் இளசாக, மலிவாக ஆள் தேடினார்கள். கடைசியில் விண்ணப்பம் போடுவதையும் விட்டான். காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காருவான். போக இடமில்லாதவன் எதற்காகச் சட்டையை இஸ்திரி போடுகிறான் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் வெளிநாட்டு வேலை வந்தது. பால் பண்ணைக்கு இயந்திரம் செய்கிற கம்பெனி. பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் சுழலும் இயந்திரம் வேண்டுமே, அதைச் சமன் செய்ய ஆள் தேடுகிறார்களாம். விமான டிக்கெட் அனுப்பினார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஊரில் காபிக்குப் பால் கிடைப்பதே தன் பையனால்தான் என்று தெருமுனைக் கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம்பி வீடியோவில் வருவான். முகம் தெளிந்திருந்தது. சட்டை இப்போதும் இஸ்திரி போட்டதுதான், ஆனால் இப்போது அதற்கு அர்த்தம் இருந்தது. அப்படி ஒரு காலையில், அப்பா அடுப்படிப் பக்கம் போயிருந்த நேரத்தில், தன் கீழே வேலை செய்கிறவனைப் பற்றி அவன் குறைபட்டுக்கொண்டான். சொல்லச் சொல்லக் கேட்காமல் கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டுவிட்டானாம். ஒரு விரல் பதிந்த அழுக்கு போதுமாம், அந்த வேகத்தில் ஆட்டம் கண்டுவிடுமாம். அதுவும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட உறைக்குள் சுற்றுகிற குழாய் அல்லவா என்றான்.

அவள் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பத்து வருஷமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாலுக்கும் அந்த வேகம் வேண்டாம். எந்த மாட்டின் பாலுக்கும் காற்றில்லாத உறை வேண்டாம். அப்படிச் சுற்றிப் பிரித்தெடுக்கிற சரக்கு உலகத்தில் ஒன்றுதான், அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியம். அதைப் பற்றித்தான் அவள் அலுவலகத்தில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"பால் மெஷினுக்கு அவ்வளவு வேகம் எதுக்குடா?" என்றாள்.

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எனக்கும் தெரியும்க்கா. வந்த வாரமே தெரிஞ்சுபோச்சு. எனக்கென்ன காது இல்லையா?"

"தெரிஞ்சும் ஏன்டா இருக்கே?"

"இங்க நான் உள்ளே வந்தா எந்திரிச்சு நிக்கிறாங்க. நான் ஓகே சொன்னாதான் ஸ்விட்ச் போடுறாங்க. அங்க நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? ஃபேன் துடைச்சிட்டு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "அப்பாகிட்ட சொல்லிடாதேக்கா. அவருக்கு அது பால் மெஷினாவே இருக்கட்டும்."

அதற்குள் அப்பா கோப்பையோடு வந்துவிட்டார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே குளிரா என்று பேச்சு போனது.

மறுநாள் அவள் அலுவலகத்தில் மாடலின் வரிசையைத் திறந்து பார்த்தாள். தம்பி இருந்த ஊரும் நாடும் அடிமட்டத்தில் கிடந்தன. பொது எதிரி இல்லை, கூட்டாளி இல்லை, கொடுக்க எந்த நாடும் இல்லை. மாடலைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வாளர்கள் அங்கே போகப்போவதில்லை. அந்தக் குழாய்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றியது சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஏதாவது ஒரு நகரத்தின்மேல் விழும். அந்த நகரத்திலும் யாராவது அப்பாவும் பிள்ளையும் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நேராகப் போய் இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். என் தம்பி அங்கே இருக்கிறான், முதலில் அவனை வெளியே எடுங்கள், அப்புறம் மற்றதைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சொன்னால் தம்பி குற்றவாளி. எந்த நாட்டுச் சிறையில் எத்தனை வருஷமோ. அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவள் வேலையும் போகும். பயந்தாள் என்பதுதான் உண்மை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. வாரக்கணக்கில் இரண்டும் கெட்டானாகத் தவித்தாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். எண்களோடு வாழ்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. தான் வாய் திறக்காமல் மாடலை வாய் திறக்க வைப்பது. முன்பு தூக்கிப்போட்ட காரணத்தை மறுபடி கையில் எடுத்தாள். மனக்கசப்பை அளக்க முடியாது, சரி. மூடிய தொழிற்சாலைகளை எண்ணலாமே? எந்தெந்த நாட்டில் அபூர்வமான வேலை தெரிந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், எந்த ஊர்க் கம்பெனிகள் காரணமே இல்லாத சம்பளத்துக்கு அவர்களைத் தேடி விளம்பரம் கொடுத்தன என்று பார்க்கலாமே? எல்லாம் பத்திரிகைகளில் வந்த விஷயம்தான். ஒரு எண்ணைக்கூட அவள் பொய்யாகப் போடவில்லை. பழைய சம்பவங்களில் வைத்துப் பார்த்தபோது இயக்குநரின் பழைய மாடலைவிட இது நன்றாகவே பொருந்தியது. தம்பி இருந்த இடம் அடியிலிருந்து சரசரவென்று மேலே ஏறி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தது.

நான் சொல்லவில்லை, மாடல் சொல்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொய்யில் எத்தனையோ ரகம் உண்டு. சுத்தமான எண்களை வைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பொய், அதில் தனி ரகம்.

அவள் போட்ட கணக்கு இப்படி ஓடியது. அறிக்கை சபைக்குப் போகும். அங்கே போகிற அறிக்கைகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல், ஒரு வருஷத்துக்கு யாரும் பிரிக்கமாட்டார்கள். அதற்குள் தம்பியை எப்படியாவது வரவழைத்துவிடலாம். அப்புறம் ஆய்வாளர்கள் போவார்கள், கதவில் முத்திரை வைப்பார்கள். ஒருவருக்கும் காயமில்லாமல் முடிந்துவிடும்.

தம்பியிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அப்பாவே பின்னாலிருந்து, எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று எட்டிப்பார்த்துக் காரியத்தைக் கெடுத்தார். அடுத்த வாரம், தனக்கே உடம்பு சரியில்லை என்றாள். அவன் சிரித்தான். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். இந்த ஒரு வரிசைக் குழாய்கள் நன்றாக ஓடிவிட்டால் விடுமுறை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றான். மாடல் உன் இடத்தைக் காட்டிவிட்டது, ஓடி வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் மாடலில் போட்டது யார் என்று அவன் கேட்பான். விழுங்கிக்கொண்டாள்.

அறிக்கை தூங்கவில்லை. இயக்குநருக்குப் புது மாடல்மேல் புதுப் பிரியம் வந்துவிட்டது. மனிதக் காரணி என்று அதற்குப் பெயர் வைத்து, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். அவளைப் பக்கத்தில் நிறுத்தி, யோசனை இவங்களோடது என்று மறக்காமல் சொன்னார். அந்தக் கூட்டங்களில் ஆய்வாளர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. பின்வரிசையில் எதுவும் கேட்காமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று அவளும் விசாரிக்கவில்லை. நாடுகள் ஏன் கொடுக்கின்றன என்று அவ்வளவு காரணங்களை நிறுத்துப் பார்த்தவர்கள், தாங்கள் எழுதியதை யார் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இயக்குநர் அவள் அறைக்குள் வேகமாக வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். டிவியைப் போடச் சொன்னார். தூரத்திலிருந்து எடுத்த படம்: தட்டையான கூரைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் கறுப்புப் புகை. அந்தத் தண்ணீர்த் தொட்டியை அவளுக்குத் தெரியும். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து பேசும்போது அவன் தோளுக்குப் பின்னால் தெரியும் தொட்டி அது. குண்டு போட்டது யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாம சொன்ன இடம்மா," என்றார் இயக்குநர். "உலகத்துல ஒருத்தர்கூட சொல்லலை. நாம சொன்னோம்."

உள்ளே ஆள் இருந்தார்களா என்று கேட்டாள்.

"டெக்னீஷியன் கொஞ்ச பேர் இருந்திருப்பாங்க. எத்தனை பேர்னு தெரியலை." அவர் அவள் தோளுக்கு மேல் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். தம்பி இருந்த நாட்டுக்கு எதிரே, கொடுத்தவன் பெயர் இல்லாமல், அவள் காலியாக விட்டிருந்த கட்டம் திறந்திருந்தது. "இதுல இனிமே தைரியமா ஒண்ணு போடலாம். கொடுத்தது எந்த நாடுன்னுதான் தெரியலை. அதைப் பொறுமையா கண்டுபிடிப்போம்."

எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அவள் கட்டத்தில் எதுவும் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தம்பியின் எண்ணை அழுத்திக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். மணி அடிக்கவே இல்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரல்தான் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், என்னம்மா ஏதாவது உடம்பு பண்ணுதா என்று கேட்டபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. இறங்குவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா கூடத்தில் விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்திருந்தார். வாழ்நாளில் அவர் சத்தத்தைக் குறைத்து அவள் பார்த்ததில்லை. கையில் ஃபோன்.

"அவன் எடுக்க மாட்டேங்கிறான்மா," என்றார். "டிவில அவன் இருக்கிற ஊர் பேரைச் சொன்னாங்க. ஏதோ ஃபேக்டரியாம். பால் மெஷின் வெடிக்குமா?"

"வெடிக்காதுப்பா."

"அதானே. நானும் அதைத்தான் நினைச்சேன்." ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருந்தாலும் மனசு கேக்கலை. நீ இதெல்லாம் பார்க்கிற ஆபீஸ்ல இருக்கே. உனக்குத் தெரியாம இருக்காது. இவன் வேலை செய்யிற இடமா அது? உண்மையைச் சொல்லு."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெரியலைப்பா என்று சொல்லலாம். அத்தனை வருஷம் அத்தனை பேரிடம் அதற்காகத்தான் மல்லுக்கு நின்றிருக்கிறாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அது பொய். தெரிந்ததைச் சொன்னாலோ, இந்த மனிதர் இந்த நாற்காலியிலிருந்து இனி எழுந்திருக்கமாட்டார். அண்ணாந்து பார்த்தாள். விசிறி ஆடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் நாணயம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இல்லைப்பா," என்றாள்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின, நிறம் திரும்பியது. தெரியாமல் அவள் இல்லை என்று சொல்லமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீ சொன்னா சரி," என்றார். "எனக்கு அது போதும்."

டிவியை நிறுத்தினார். டீ போடுகிறாயா என்று கேட்டார். லைன் கிடைக்கலை போல, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடியும் தம்பியின் எண்ணை அழுத்தி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.